காகிதத்தின் கண், ஸ்கேனரின் கண்

பெரியம்மா வீட்டுத் திண்ணையில் ஒரே காலைப் பொழுதில் இரண்டு ரோல் எடுத்தேன். ஒன்று இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், மற்றது கோடாக் டி-மேக்ஸ் 400. பெரியம்மா வெள்ளைப் புடவையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெயில் ஒரு பக்கத் தோளில் மட்டும் விழுந்தது. பின்னால் கதவு திறந்து கிடக்க, ரேழி இருட்டில் பித்தளைக் குத்துவிளக்கு மங்கலாகத் தெரிந்தது. கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை வைக்க முடியாது. வெயில் பட்ட துணியின் மடிப்பும் வேண்டும், உள்ளே இருக்கும் விளக்கும் வேண்டும்.

இரண்டு ரோலையும் டி-76இல் கழுவினேன். ஒவ்வொன்றிலும் ஒரு நெகட்டிவைத் தேர்ந்தெடுத்து இருட்டறையில் பிரிண்ட் போட்டேன். அதே நெகட்டிவை ஸ்கேனும் செய்தேன். ஆக நான்கு படங்கள். எச்பி5 இருட்டறைப் பிரிண்ட் முதல் தாளிலேயே அமைந்துவிட்டது. புடவை வெள்ளையாகவும் இருந்தது, துணியாகவும் இருந்தது. டி-மேக்ஸ் பிரிண்டில் தோள் பக்கம் வெறும் காகிதமாக வெளுத்துப்போனது. மற்ற இடங்களைக் கையால் மறைத்து, தோளுக்கு மட்டும் இன்னொரு மடங்கு வெளிச்சம் கொடுத்த பிறகுதான் மடிப்பு எட்டிப் பார்த்தது. ஸ்கேனில் கதை தலைகீழ். டி-மேக்ஸில் ஒவ்வொரு மடிப்பும், கரையின் நெசவும்கூட இருந்தன. திரையில் வளைகோட்டை லேசாக இழுத்ததும் எல்லாம் இடத்தில் வந்து உட்கார்ந்தன. எச்பி5 ஸ்கேனில் புடவை சப்பையான சாம்பல் பரப்பாக நின்றது. அதன் மேல் அரிசிக் குருணை தூவியதுபோல் கிரெயின்.

பிலிமுக்குத் திரும்பி வருகிற இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தப் பிலிம் நல்லது என்பதைத்தான். முன்பெல்லாம் ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். அந்த நான்கு படங்களுக்குப் பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நெகட்டிவ் கடைசிப் படமல்ல. அதை இன்னொரு கண் பார்த்துத்தான் படமாக்குகிறது. அந்தக் கண் வெள்ளி உப்பு பூசிய காகிதமா, ஸ்கேனரின் சென்சாரா என்பது தெரியாமல் பிலிமைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

முதலில் காகிதம். காகிதத்துக்கு என்று ஒரு பிடிவாதம் உண்டு. பளபளப்பான பிரிண்டில் அதிகபட்சக் கறுப்புக்கும் வெறும் காகித வெள்ளைக்கும் இடையே உள்ள விகிதம் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று, சற்றே கூடுதல். வெயிலில் ஒரு திண்ணையும் ரேழியும் சேர்ந்தால் வெளிச்ச வேறுபாடு அதைவிடப் பல மடங்கு. அந்தப் பெரிய வேறுபாட்டைப் பிலிம் சுருக்கித் தரவேண்டும். நடுத்தரக் கான்ட்ராஸ்ட் கொண்ட கிரேட் 2 காகிதம் ஏற்கும் நெகட்டிவ் அடர்த்தி வீச்சு சுமார் 1.1. அடர்த்தி என்பது மடக்கைக் கணக்கு என்பதால், நெகட்டிவின் மெல்லிய இடம் விடும் வெளிச்சம் கனத்த இடம் விடுவதைப்போல் ஏறக்குறைய பன்னிரண்டு, பதின்மூன்று மடங்கு. அதற்கு மேல் போனால் ஒரு முனை வெளுக்கும், இல்லையென்றால் மறு முனை அடைத்துக்கொள்ளும்.

காகிதம் வெளிச்சத்தை நேர்க்கோட்டில் ஏற்பதுமில்லை. தொடக்கத்தில் தயங்கும், நடுவில் வேகமாகக் கறுக்கும், கடைசியில் களைத்து நின்றுவிடும். பிலிமும் அப்படித்தான், நிழலில் தயங்கி ஏறும், அதிக வெளிச்சத்தில் சில பிலிம்கள் வளைந்து அடங்கும். பிரிண்ட் போடும்போது இந்த இரண்டு வளைவுகளும் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன. பிலிம் தயங்குகிற நிழல் பகுதி, காகிதம் களைக்கிற கறுப்பு முனையில் போய் விழுகிறது. அதனால் நிழல் இரண்டு முறை நசுங்குகிறது. வெயில் பகுதி காகிதம் தயங்குகிற வெள்ளை முனையில் விழுகிறது. இருட்டறைக்குப் பிலிம் தேர்வது என்பது இந்த இரண்டு வளைவுகளுக்கும் ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுதான். எச்பி5 பிளஸ் மேல்முனையில் மெதுவாக அடங்குகிற பிலிம். திண்ணையின் வெயிலை அது தானே குறைத்துக் காகிதத்தின் எல்லைக்குள் கொண்டுவந்து தந்தது. டி-மேக்ஸ் 400 நேர்க்கோட்டில் ஏறிக்கொண்டே போகும். புடவையின் மடிப்புகளை ஒன்று விடாமல் எழுதிவைத்திருந்தது, ஆனால் காகிதத்தின் கைக்கு எட்டாத உயரத்தில்.

கிரேட் என்ற ஏற்பாடு இந்தப் பிடிவாதத்தைத் தளர்த்துவதற்காக வந்தது. பழைய ஸ்டுடியோக்களில் ஒவ்வொரு கிரேடுக்கும் தனித்தனியே காகிதப் பெட்டி வாங்கி வைத்திருப்பார்கள். இல்ஃபோர்டு 1940இல் மல்டிகிரேடு காகிதத்தைக் கொண்டுவந்தது. நீல வெளிச்சமும் பச்சை வெளிச்சமும் அந்தக் காகிதத்தில் வேறுவேறு கான்ட்ராஸ்ட் தரும். மஞ்சள் ஃபில்டர் போட்டால் மென்மை, மெஜந்தா போட்டால் கடுமை. இன்றைக்கு 00 தொடங்கி 5 வரை அரை அரையாகப் பன்னிரண்டு ஃபில்டர்கள். 00இல் 1.8 வீச்சுள்ள முரட்டு நெகட்டிவையும் அடக்கலாம்; 5இல் 0.4 மட்டுமே உள்ள நீர்த்துப்போன நெகட்டிவையும் தூக்கி நிறுத்தலாம். ஆனால் இரு முனைகளிலும் நடுச்சாயல்களின் அழகு போய்விடும். நல்ல நெகட்டிவ் 2, 2½ அருகில் அமைய வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்தது வெறும் சம்பிரதாயம் இல்லை. இரண்டு பக்கமும் நகர இடம் வேண்டும் என்பதற்காகத்தான்.

என்லார்ஜரும் இதில் ஒரு கட்சி. 1909இல் ஆந்த்ரே காலியே ஒன்றைக் கவனித்தார். நெகட்டிவில் உள்ள வெள்ளித் துகள்கள் வெளிச்சத்தைத் தடுப்பதோடு சிதறடிக்கவும் செய்கின்றன. கண்டென்சர் என்லார்ஜரில் ஒழுங்காக நேரே வரும் வெளிச்சம் கனத்த இடங்களில் சிதறி லென்ஸுக்கு வெளியே போய்விடும், கான்ட்ராஸ்ட் கூடும். பால்வெள்ளைத் தகட்டின் வழியே எல்லாத் திசையிலும் பரவி வரும் வெளிச்சத்தில் அந்த வேறுபாடு இல்லை. ஒரே நெகட்டிவ் கண்டென்சரில் ஏறக்குறைய ஒரு கிரேட் கடுமையாக விழும். கீறலும் தூசியும் கூடவே துலக்கமாகத் தெரியும். பிலிமின் பின்பக்கக் கீறலை மறைக்க மூக்கோரத்து எண்ணெய்ப் பசையை விரல் நுனியில் எடுத்துத் தடவுவது உலகம் முழுக்க இருட்டறைக்காரர்கள் செய்கிற வேலை. அந்த மெல்லிய எண்ணெய்ப் படலம் கீறலை நிரப்பி, வெளிச்சம் முறிவதைத் தடுக்கிறது.

இந்தக் காலியே விளைவை நான் விரித்துச் சொல்லக் காரணம், ஸ்கேனரிலும் அதே கதைதான் நடக்கிறது என்பது. எல்ஈடி வெளிச்சத்தை நேரே பாய்ச்சும் பிலிம் ஸ்கேனர்கள் கண்டென்சர் என்லார்ஜரின் தம்பிகள். கிரெயினையும் கீறலையும் கூர்மையாகக் கிள்ளி எடுக்கும். பரவல் வெளிச்சப் பலகையின் மேல் நெகட்டிவை வைத்து மேக்ரோ லென்ஸால் டிஜிட்டல் கேமராவில் படமெடுப்பது இப்போது பரவலாகிவிட்ட முறை. அது எல்ஈடி ஸ்கேனரைவிட மென்மையானது.

ஸ்கேனரின் கண்ணுக்குக் காகிதம்போல் சொந்த விருப்பம் கிடையாது. நெகட்டிவின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சம் விடுகிறது என்று அளந்து எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான். 16 பிட்டில் அளந்தால் 65,536 படிகள். எந்த வளைவை வேண்டுமானாலும் பிறகு நாம் போட்டுக்கொள்ளலாம். அதனால் ஸ்கேனருக்கு நேர்க்கோட்டுப் பிலிம் பிடிக்கும். வெயிலையும் நிழலையும் பிலிமே நசுக்கிவைத்துவிட்டால், நசுங்கியதை விரிக்கும்போது கிரெயினும் சேர்ந்து விரியும். எச்பி5 ஸ்கேனில் புடவை மேல் குருணை தூவியது அப்படித்தான். பிலிம் சுருக்கி வைத்ததை நான் திரையில் இழுத்து விரித்தேன். வெள்ளித் துகள்களின் சொரசொரப்பும் கூடவே வந்துவிட்டது.

ஸ்கேனர் என்ற இந்த அளவுகருவிக்கு வேறு பலவீனம் உண்டு. கனத்த நெகட்டிவ் அதற்கு ஆகாது. அதிகமாகக் கழுவிய நெகட்டிவில் வானமோ வெள்ளைத் துணியோ மிகக் கறுப்பாக இருக்கும். அதன் வழியே வரும் வெளிச்சம் அற்பம். சென்சாரின் இரைச்சல் அதில் கலக்கும், பக்கத்து வெளிச்சமும் கசிந்து மூடும். விளம்பரத்தில் 4.0 அடர்த்தி என்று போட்டிருக்கும் மேசை ஸ்கேனர்கள் நடைமுறையில் அவ்வளவு தாங்குவதில்லை. அவை சொல்லும் 6400 புள்ளி நுணுக்கத்திலும் உண்மையில் பாதிகூடக் கிடைப்பதில்லை. அதே கனத்த நெகட்டிவை என்லார்ஜரில் வைத்தால் பொறுமையோடு இருபது விநாடிக்குப் பதில் அறுபது விநாடி கொடுத்துப் பிரிண்ட் எடுத்துவிடலாம். ஆகவே ஸ்கேனுக்கு என்றே கழுவுபவர்கள் நேரத்தைப் பத்து, பதினைந்து சதவீதம் குறைத்து, நெகட்டிவை மென்மையாக வைத்துக்கொள்கிறார்கள். அது சரியான வழக்கம். மென்மை என்றால் கழுவும் நேரத்தில் மட்டும், எக்ஸ்போஷரில் அல்ல. நிழலில் வெள்ளியே படியாத இடத்தை எந்தக் கண்ணாலும் படிக்க முடியாது. ரேழியின் குத்துவிளக்கு பிலிமில் பதியாவிட்டால் அது இல்லாத விளக்குதான்.

இனி கிரெயின். பலர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஒரு பிலிமை வெறுத்துவிடுகிறார்கள். பாதி நேரம் குற்றம் பிலிமுடையதல்ல. 4000 புள்ளி ஸ்கேனரில் ஒவ்வொரு புள்ளியும் 6.35 மைக்ரான், 2700 புள்ளியில் 9.4 மைக்ரான். வெள்ளித் துகள்களின் திரட்டும் ஏறத்தாழ அதே அளவில் இருக்கும்போது, இரண்டு சல்லடைகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் புதிதாக ஒரு கோலம் தோன்றுவதுபோல், பிலிமில் இல்லாத பெரிய கிரெயின் ஸ்கேனில் பிறந்துவிடும். என்லார்ஜர் லென்ஸில் இந்தப் பொய்க் கிரெயின் கிடையாது. எச்பி5இன் 35 மி.மீ. நெகட்டிவை 8×10 அங்குலக் காகிதத்துக்கு, அதாவது எட்டு மடங்குக்குச் சற்று மேல், பெரிதாக்கிப் பாருங்கள். கிரெயின் இருக்கும், ஆனால் கல்லில் கொத்திய சிற்பத்தின் மேற்பரப்புபோல் படத்தோடு சேர்ந்து இருக்கும். அதே நெகட்டிவின் ஸ்கேன் திரையில் முழு அளவில் விரியும்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் அகலப் பிரிண்டின் ஒரு மூலையை. திரைக்கு முன் உட்காரும் தூரத்திலிருந்து யாரும் அவ்வளவு பெரிய பிரிண்டைப் பார்ப்பதில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

பிலிம்களை மூன்று குடும்பமாகப் பார்ப்பது எனக்கு வசதி. முதல் குடும்பம் பழைய வகைத் துகள் கொண்டவை: 35 மி.மீ.இல் 1954இல் வந்த டிரை-எக்ஸ், எச்பி5 பிளஸ், எஃப்பி4 பிளஸ், செக் நாட்டின் ஹ்ராடெட்ஸ் கிராலவே நகரில் 1921 முதல் இருக்கும் ஃபோமா நிறுவனத்தின் ஃபோமாபான்கள், விலை குறைந்த கென்ட்மியர்கள். கழுவும் நேரம் அரை நிமிடம் கூடினாலும் வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலும் கோபித்துக்கொள்ளாத பிலிம்கள் இவை. சென்னைக் குழாயில் கோடையில் வருவது முப்பது டிகிரியைத் தாண்டிய தண்ணீர். பேசின் நிறைய ஐஸ் கட்டி போட்டு, டெவலப்பர் பாட்டிலை அதில் நிறுத்தி, தெர்மாமீட்டரை வைத்து 20 டிகிரிக்கு இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு இந்தப் பொறுமை பெரிய வரம். டி-76ஐ அப்படியே ஊற்றாமல் சம அளவு தண்ணீர் கலந்தால் நேரம் நீளும், தவறுக்கு இடம் குறையும். எச்பி5 பிளஸுக்கு, டி-76இன் உடன்பிறப்பான ஐடி-11இல், 20 டிகிரியில் அது 13 நிமிடம். டி-76ஐக் கடையில் வாங்காமல் தாங்களே தராசில் நிறுத்துக் கலக்கிய ஸ்டுடியோக்காரர்கள் நம் ஊரில் உண்டு. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, வெண்காரம் 2.

இரண்டாம் குடும்பம் தட்டையான துகள் கொண்டவை: கோடாக் 1986இல் கொண்டுவந்த டி-மேக்ஸ், இல்ஃபோர்டின் டெல்டா, ஃபூஜியின் ஆக்ரோஸ். கூழாங்கல்லுக்குப் பதில் ஓட்டாஞ்சில்லு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே எடை வெள்ளி, அதிக வெளிச்சத்தைப் பிடிக்கும் அகலம். அதனால் அதே வேகத்தில் கிரெயின் நுட்பம். ஸ்கேனருக்கு இவை பொருந்திவருவது இயல்பு. இருட்டறையில் கழுவுவதில் ஒழுங்கு கேட்பவை. டி-மேக்ஸில் நேரமும் வெப்பமும் வழுவினால் கான்ட்ராஸ்ட் உடனே எகிறும். பிலிமை நிலைப்படுத்தும் ஹைப்போவிலும் கூடுதல் நேரம் வேண்டும், இல்லாவிட்டால் இளஞ்சிவப்புச் சாயம் நிற்கும். தன் முறையை அளந்து நிலைப்படுத்தியவர் கையில் டி-மேக்ஸ் 400 காகிதத்திலும் மிக அழகாக விழும். என் திண்ணைப் படம் முதல் தாளில் தோற்றதற்கு நான் கழுவிய நேரமும் ஒரு காரணம். இன்னொரு நிமிடம் குறைத்திருந்தால் அந்தத் தோள் கிரேட் 2க்குள் அடங்கியிருக்கும்.

மூன்றாவது குடும்பத்தில் இன்று பெயர் சொல்லும்படி இருப்பது இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர் ஒன்றுதான். கறுப்பு வெள்ளைப் பிலிம், ஆனால் கலர் நெகட்டிவைக் கழுவும் சி-41 கரைசலில் கழுவ வேண்டியது. கடைசியில் வெள்ளி முழுவதும் வெளியேறி, சாயத் திட்டுகள் மட்டும் மிஞ்சும். இந்த ஒரு விஷயம் ஸ்கேனரில் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. பல ஸ்கேனர்களில் தூசியையும் கீறலையும் தானாக நீக்கும் வசதி உண்டு; அது அகச்சிவப்புக் கதிரை வைத்து வேலை செய்கிறது. சாயம் அகச்சிவப்பை விட்டுவிடும், தூசி தடுக்கும். எனவே தூசி தனியே தெரியும். வெள்ளி அகச்சிவப்பையும் தடுக்கும் என்பதால் வெள்ளி நெகட்டிவில் இந்த வசதி படத்தையே தூசி என்று நினைத்துக் குதறிவிடும். எக்ஸ்பி2இல் மட்டும் அது சுத்தமாக வேலை செய்யும். இன்னொரு வேறுபாடு: வெள்ளிப் பிலிமில் எக்ஸ்போஷர் கூடினால் கிரெயின் கூடும்; எக்ஸ்பி2இல் சாயத் திட்டுகள் ஒன்றோடொன்று கலந்து கிரெயின் குறையும். 50 முதல் 800 வரை எந்த வேகத்திலும் ஒரே ரோலில் எடுக்கலாம் என்று அதைச் செய்பவர்களே சொல்கிறார்கள். சாயம் வெளிச்சத்தைச் சிதறடிக்காததால் காலியே விளைவும் இல்லை. கண்டென்சரிலும் பரவல் வெளிச்சத்திலும் ஒரே கான்ட்ராஸ்ட். கோடாக்கின் பிடபிள்யூ400சிஎன் என்ற இதே வகைப் பிலிம் 2014இல் நின்றுபோனது. கலர் காகிதத்துக்காக அதில் ஆரஞ்சு முகமூடி இருந்தது. மல்டிகிரேடு காகிதம் பார்க்கும் நீலத்தையும் பச்சையையும் அந்த ஆரஞ்சு விழுங்கிவிடும். எக்ஸ்பி2இல் அந்த முகமூடி இல்லை என்பதால் இருட்டறைக்கும் உதவும். சாயம் வெள்ளி அளவுக்கு நீண்டகாலம் நிற்காது என்பதே எனக்கு அதில் உள்ள தயக்கம்.

பிலிமின் அடித்தளத்தைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது; கட்டுரைகளில் இது கடைசி வரியாகத்தான் வருகிறது. ஸ்கேனருக்குப் பிலிம் தட்டையாக இருக்க வேண்டும். சுருண்ட பிலிமின் நடு ஒரு குவியத்தில், ஓரம் இன்னொரு குவியத்தில். கண்ணாடியில் அழுத்திவைத்தால் வானவில் வளையங்கள் படத்தில் விழும். பாலியெஸ்டர் அடித்தளத்தில் வரும் ரோலாய் ரெட்ரோ வகைப் பிலிம்கள் கண்ணாடிபோல் தெளிவு, பலகைபோல் தட்டை, ஸ்கேனருக்குச் சொர்க்கம். ஆனால் அந்தத் தெளிவான அடித்தளம் பிலிமின் நாக்கு வழியே வெளிச்சத்தைக் குழாய்போல் உள்ளே கடத்திவிடும். நல்ல வெயிலில் கேமராவில் மாட்டினால் முதல் சில படங்கள் புகைந்துவிடும். நிழலில் நின்று மாட்ட வேண்டும். என்லார்ஜரின் நெகட்டிவ் பிடிப்பான் இத்தனை கண்டிப்புக் காட்டுவதில்லை. லென்ஸின் அப்பர்ச்சரை இரண்டு படி மூடினால் சின்னச் சுருளல் மறைந்துவிடும்.

தூசி விஷயத்திலும் நம் ஊருக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. நெகட்டிவில் தூசி இருந்தால் பிரிண்டில் வெள்ளைப் புள்ளி. மெல்லிய தூரிகையால் மை தொட்டுத் தொட்டு மறைக்கலாம். மருந்துப் பக்கம் கீறினால் பிரிண்டில் கறுப்புக் கோடு. அதை மறைக்க வழி குறைவு. போர்த் தண்ணீரில் கடைசியாக அலசினால் உப்புப் படிவம் வட்டமாக நிற்கும், ஆகவே கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரும் ஒரு சொட்டு ஈரமூட்டியும் வேண்டும். ஸ்கேனில் இந்தக் குறைகள் எல்லாம் சுட்டியின் சொடுக்கில் போய்விடும் என்பது உண்மை. ஆனால் முப்பத்தாறு படத்துக்கும் அப்படி உட்கார்ந்து துடைத்தவருக்குத்தான் அதன் களைப்பு தெரியும்.

டெவலப்பரைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன், பைரோ வகை. இவை வெள்ளியோடு சேர்த்து மஞ்சள்-பச்சைக் கறையையும் பதிக்கும். மல்டிகிரேடு காகிதத்தில் அந்தக் கறை தானே ஒரு மஞ்சள் ஃபில்டராக வேலை செய்து, கனத்த இடங்களில் கான்ட்ராஸ்டைத் தணித்து வானத்தையும் வெள்ளைத் துணியையும் காப்பாற்றும். பழைய நிலையான கிரேட் காகிதம் நீலத்தை மட்டும் பார்ப்பதால், அதே கறை அங்கே கான்ட்ராஸ்டைக் கூட்டும். ஸ்கேனரிலோ சிவப்புச் சேனலில் கறை தெரியவே தெரியாது, நீலச் சேனலில் முழுதாகத் தெரியும். ஒரே நெகட்டிவில் மூன்று நெகட்டிவ். எதை எடுப்பது என்று தெரிந்தவருக்கு அது செல்வம்.

எந்தக் கண்ணுக்காக நெகட்டிவ் என்ற கேள்வியின் பழைய வடிவம் ஒன்று உண்டு. 1941 நவம்பர் 1 அன்று நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தருகே அமெரிக்கப் புகைப்படக்காரர் அன்செல் ஆடம்ஸ் ‘நிலவெழுச்சி’ என்ற தம் புகழ்பெற்ற படத்தை எடுத்தார். வெயில் கல்லறைச் சிலுவைகளை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. எக்ஸ்போஷர் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு நினைவில் இருந்ததை வைத்துக் கணக்கிட்டார். முன்தரை மெலிந்துபோன, பிரிண்ட் போடக் கஷ்டமான நெகட்டிவாக அது அமைந்தது. 1948இல் துணிந்து நெகட்டிவின் அந்தப் பகுதியை மட்டும் வேதிமுறையில் கனப்படுத்தினார். வாழ்நாளில் அதிலிருந்து ஆயிரத்து முந்நூறுக்கும் மேல் பிரிண்ட் போட்டார். ஆண்டுகள் போகப்போக வானத்தை இன்னும் கறுப்பாக்கினார். நெகட்டிவில் குறைந்த ஒவ்வொன்றுக்கும் கையால் ஈடு கட்ட வேண்டியிருந்தது. ஸ்கேனர் இருந்திருந்தால் வேலை சுலபம் என்று தோன்றும். ஆனால் அவர் எழுதிவைத்த ஸோன் முறை முழுவதும் இந்தக் கஷ்டம் வராமல் காப்பதற்காகப் பிறந்தது: கேமராவை அழுத்தும் கணத்திலேயே காகிதத்தை மனதில் பார்ப்பது.

நேர்மாறான உதாரணம் விவியன் மையர். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டே படமெடுத்தவர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அவருடைய படங்களில் மிகச் சிலவற்றையே அவர் பிரிண்டாகப் பார்த்தார்; கழுவாத ரோல்களும் நிறைய மிஞ்சின. 2007இல் ஏலத்தில் வெளிவந்தபோது உலகம் அவற்றை முதலில் ஸ்கேன் வழியாகத்தான் பார்த்தது. கண்காட்சிகளுக்கு இருட்டறைப் பிரிண்டுகள் பிறகு வந்தன. எந்தக் கண்ணுக்கு என்று முடிவு செய்யாத நெகட்டிவ்கள் இரண்டு கண்ணுக்கும் ஈடுகொடுத்தன. காரணம் எளிமையானது: தேவையான வெளிச்சம் கொடுத்து, பதமாகக் கழுவிய, வெள்ளி நிறைந்த நெகட்டிவ்கள் அவை.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. உதகமண்டலத்தில் 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், இந்து என்ற பெயரில் பிலிமும் காகிதமும் எக்ஸ்ரே பிலிமும் செய்தது. அந்த ஆலை மூடிவிட்டது. இன்றைக்கு நம் கைக்குக் கிடைக்கும் ஒவ்வொரு ரோலும் கப்பலேறி வருகிறது. எந்தப் பிலிம் பொருத்தம் என்ற கேள்விக்கு முன்னால் எது கிடைக்கிறது, எது தொடர்ந்து கிடைக்கும் என்ற கேள்வி நிற்கிறது. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடித் தேடி ஸ்கேன் செய்து பாதுகாத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் மிஞ்சிய அப்படியொரு ஸ்டுடியோ நெகட்டிவை நானும் ஸ்கேன் செய்தேன். தாத்தாவின் கன்னத்திலும் நெற்றியிலும் ரீடச் செய்தவர் கூர் பென்சிலால் போட்ட நுண்ணிய வளையங்கள் திரையில் கம்பளிப் பூச்சிபோல் நெளிந்தன. அதே நெகட்டிவைக் காகிதத்தில் ஒட்டவைத்துக் கான்டாக்ட் பிரிண்ட் எடுத்தபோது அவை இருந்த இடமே தெரியவில்லை. முகம் மட்டும் இளமையாக இருந்தது. அந்த ரீடச்சருக்கு நெகட்டிவ் எந்தக் கண்ணுக்குப் போகிறது என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது.

என் முடிவைச் சொல்கிறேன். இருட்டறை ஒருநாள் கிடைக்கும் என்ற நம்பிக்கை சிறிதளவாவது இருந்தால் காகிதத்துக்கான நெகட்டிவை உருவாக்குங்கள். காகிதத்துக்குப் பொருந்திய நெகட்டிவை ஸ்கேனர் எப்போதும் படிக்கும். ஸ்கேனருக்கு என்றே நேரத்தைக் குறைத்துக் கழுவிய நெகட்டிவையும் கிரேட் 3, 3½ தூக்கிவிடும். அந்த அளவு நெகிழ்ச்சி இருக்கிறது. ஆனால் ஸ்கேனில் இழுத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்தவை இருட்டறையில் கை விரித்துவிடும். 35 மி.மீ.க்கு நான் இப்போது எச்பி5 பிளஸை 250 வேகத்தில் எடுக்கிறேன், பெட்டியில் எழுதிய நேரத்தில் ஒரு நிமிடம் குறைத்துக் கழுவுகிறேன். இருட்டறையை ஒருபோதும் தொடப்போவதில்லை என்று தெளிவாகத் தெரிந்தவருக்கு டெல்டா 100, டி-மேக்ஸ் 400, கையில் நல்ல சி-41 லேப் இருந்தால் எக்ஸ்பி2. எதை எடுத்தாலும் ஓராண்டு அதையே எடுங்கள். பிலிமை மாற்றிக்கொண்டே இருப்பவர் எந்தப் பிலிமையும் அறிவதில்லை.

பெரியம்மாவின் டி-மேக்ஸ் நெகட்டிவை நேற்று மறுபடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெயில் பட்ட தோள் கறுத்துக் கனத்திருக்கிறது. அதற்குள் மடிப்புகள் ஊசி நுனிக் கோடுகளாக இருக்கின்றன. கதவுக்குள் கண்ணாடிபோல் தெளிந்த இடத்தில் குத்துவிளக்கின் உச்சி, சாம்பல் நிறத்தில் கடுகளவு. 1½ ஃபில்டரில் பதினெட்டு விநாடி, பிறகு அட்டையில் வெட்டிய ஓட்டை வழியே தோளுக்கு மட்டும் இன்னும் பன்னிரண்டு. இன்றிரவு டிரேயில் டெவலப்பரை ஊற்றுகிறேன்.